இல்லறத்தார் வரலாறும் எழுதத்தக்கதே

வரலாறு என்னும் பெயரோடு நூல்நிலையங்களில் நிற்கும் ஏடுகள் பெரும்பாலும் அரசரையும் படைத்தலைவரையும் அறிஞரையும் துறவியரையும் பற்றியனவே. ஒரு சிற்றூரிற் பிறந்து, அங்கேயே ஒரு தொழிலை மேற்கொண்டு, மனைவி மக்களைப் பேணி, அண்டை அயலார்க்கு உற்றுழி உதவி, எழுபது எண்பது ஆண்டுகள் நன்கு வாழ்ந்து மறைந்த ஒரு குடும்பத் தலைவனுக்கு வரலாறு உண்டோ எனின், உண்டு என்பார் மிகச் சிலரே. அவன் திருமுழுக்குப் பெற்ற ஞான்று திருச்சபைப் பதிவேட்டில் ஒரு வரி. மணம் புரிந்த ஞான்று ஒரு வரி. அடக்கம் செய்யப்பெற்ற ஞான்று ஒரு வரி. 1969 ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி அரசாங்கத்தார் வைத்திருக்கும் ஏட்டில் மேலும் ஒன்றிரண்டு வரிகள். இவ்வளவே அவனுக்குக் கிடைக்கும் எழுத்து. எஞ்சியதெல்லாம் அவனை அறிந்தார் நெஞ்சில் நிற்பது. அவர் மறையுந்தோறும் தானும் மறைவது. இது முறையன்று என்பதும், இதனை மாற்றுங் கடப்பாடு பெரும்புலவரைக் காட்டிலும் நம்போன்ற மாணாக்கர்க்கே மிகுதியும் உரியது என்பதுமே யான் இக்கட்டுரையிற் கூறப்புகுவன.

நம் முன்னோர் இல்வாழ்வானை எளியனாக எண்ணினாரல்லர். திருவள்ளுவனார் அறத்துப்பாலில் துறவறவியலுக்கு 13 அதிகாரம் வகுத்தார். இல்லறவியலுக்கோ 20 அதிகாரம் வகுத்தார். ஏனை நிலைகளில் நிற்பார் யாவரும் இல்வாழ்வானது கையை எதிர்நோக்கியே வாழ்கின்றனர் என்பது அப்பெரியார் துணிபு. எனினும், கொள்கையளவில் இத்துணைச் சிறப்புப் பெற்ற இல்வாழ்வானுக்கு நம் இலக்கியத்திற் கிடைத்த இடம் யாது? புறநானூற்றில் கையறுநிலை என்னும் துறையமைந்த பாடல்கள் பல உள. அவற்றுட் பெரும்பாலன வேந்தரும் வள்ளல்களும் இறந்தபோது புலவர் பாடியன. பாரி மறைந்தபோது கபிலர் இருந்தார். பறம்பின் அடிவாரத்தில் தினை விதைத்து வாழ்ந்த குடியானவன் ஒருவன் மறைந்தபோது பாடுதற்கு எவர் இருந்தார்?

பாட்டு மறந்தவரைச் சிற்சில வேளை கல் மறவாதிருந்தது. தேனி மாவட்டத்தில் வைகைக் கரையை அடுத்த புலிமான்கோம்பை என்னும் ஊரில் 2006 ஆம் ஆண்டில், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டெடுக்கப்பெற்றன. அவற்றுள் ஒன்று, கூடல் என்னும் ஊரில் நிகழ்ந்த ஆகோளில், அஃதாவது ஆனிரை கவர்ந்த பூசலில், இறந்தான் ஒருவனைக் குறிப்பது. அக்கல்லில் அமைந்தன எவை எனின், இறந்தான் பெயர், ஊர்ப் பெயர், நிகழ்ச்சி என்னும் இம்மூன்றே. வீரருள் வீரன் என்றோ, குலவிளக்கு என்றோ ஓர் அடைமொழிதானும் அதன்கண் இல்லை. இன்னான், இன்ன ஊரில், இன்னது செய்து மாய்ந்தான் என்பதே அதன் பொருள். இரண்டாயிரம் ஆண்டு அளவிற் பழமையுடைய அக்கல் நம்மோடு இன்றும் பேசுவதற்குக் காரணம் அவ்வெளிமையே என்பது என் கருத்து. நினைவுச் சின்னம் ஒன்று எங்ஙனம் அமைதல் வேண்டும் என்பதற்கு அதனினுஞ் சிறந்த பாடம் வேறில்லை.

ஆங்கில நாட்டிலும் இவ்வினா எழுந்ததுண்டு. டாக்டர் ஜான்சன் தாம் நடத்திய ராம்பிளர் என்னும் இதழில், 1750 ஆம் ஆண்டில், வாழ்க்கை வரலாறு எழுதும் முறையைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். உண்மையோடும் ஆராய்ச்சியோடும் எழுதப்பெறின் பிறர்க்குப் பயன்படாத வாழ்க்கை அரிதினும் அரிது என்பது அதன் கருத்து. அடுத்த ஆண்டாகிய 1751 இல் தாமஸ் கிரே என்னும் புலவர், நாட்டுப்புறக் கல்லறைத் தோட்டம் ஒன்றைக் களமாகக் கொண்டு பாடிய இரங்கற்பா வெளிவந்தது. அங்கு உறங்கும் எளியாரைக் குறித்து அவர் உருகிப் பாடினார். ஆயினும், அவ்வெளியாருள் ஒருவர் பெயரேனும் நாம் அதனால் அறிந்தோமில்லை. ஜான்சனோ, இலண்டன் மாநகரத்து ஏழைகளின் வீடுதோறும் நடந்து சென்று மருத்துவம் பார்த்தவரும், தம் இல்லத்தில் தம்மோடு பல்லாண்டு உறைந்தவருமாகிய ராபர்ட் லெவெட் 1782 இல் இறந்தபோது, அவர் பெயரைச் சுட்டியே ஒரு பாடல் இயற்றினார். பட்டம் இல்லாத, பேச்சில் நயம் இல்லாத அம்மருத்துவரை இன்றும் உலகம் அறியும். பொதுவாக இரங்குதல் வேறு. ஒருவரை நினைத்தல் வேறு. இரக்கத்திற்குப் பெயர் வேண்டுவதில்லை. நினைவிற்கோ பெயரும் ஊரும் செயலும் இன்றியமையாதன.

நிற்க. நம் நாட்டிலேயே, ஒரு சிற்றூர் தன்பால் வாழ்ந்த இல்லறத்தார் ஒருவரை அன்போடு போற்றியதற்கும், அவ்வன்பு எழுத்தில் நின்று நிலவியதற்கும் தக்கதோர் எடுத்துக்காட்டுண்டு. அவரே, இக்காலத்தில் மயிலாடுதுறை என வழங்கும் மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை அவர்கள். திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11 ஆம் நாள் சவரிமுத்துப் பிள்ளைக்கு மகனாகப் பிறந்தவர். திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றியவர். பின்னர்த் தரங்கம்பாடியிலும் சீர்காழியிலும் மாயூரத்திலும் முன்சீப் பதவி வகித்தவர். 1879 இல் அவர் வெளியிட்ட பிரதாப முதலியார் சரித்திரம் தமிழின் முதல் நாவல் என்று பாடநூல்கள் கூறும். மாணாக்கர் பலரும் அவரைப் பற்றி அறிந்தது அவ்வொரு வரியே. தேர்வுக்கு அது போதும். அவரை அறிவதற்கு அது போதாது.

அவர் தம் ஊர்க்கு யாராக இருந்தார் என்று வினவுவோமாக. வழக்காடுவோர்க்கு அவர் கையூட்டுப் பெறாத நீதிபதியாக இருந்தார். தீர்ப்புகளின் மொழி அறியாது மக்கள் மயங்குவதைக் கண்டு, 1805 முதல் 1861 வரை உயர்ந்த நீதிமன்றத்தார் அளித்த தீர்ப்புகளைத் தொகுத்து, சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரால் 1862 இல் தமிழில் வெளியிட்டார். பெண்கள் எழுத்தறியாது இருத்தலைப் பெருங்குறையாகக் கொண்டு பெண்மதிமாலையும் பெண்கல்வியும் எழுதினார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில், பதவியினின்றும் ஓய்வு பெற்றிருந்த அவர், தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தவர்க்கு உணவளித்தார். அதனைக் கண்டு மகிழ்ந்து கோபாலகிருஷ்ண பாரதியார் அவர்மீது கீர்த்தனம் பாடினார். கிறித்தவராகிய பிள்ளைக்கு, நந்தனார் சரித்திரம் பாடிய பாரதியாரும், சைவப் பெரும்புலவராகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும், திருவாவடுதுறை ஆதீனத் தலைவராகிய சுப்பிரமணிய தேசிகரும் உற்ற நண்பராயினர். மகாவித்துவான் அவர்மீது குளத்துக்கோவை என ஒரு நூலே இயற்றினார். சமயம் வேறாயினும் திண்ணை ஒன்றாக இருந்த காலம் அது.

அவர் இல்லற வாழ்க்கை துன்பம் கலவாததன்று. மணந்த மனைவியரை ஒன்றன்மேற்பட்ட முறை சாவுக்குக் கொடுத்து, தாயில்லாக் குழந்தைகளை வளர்க்கும் துயரத்தை அவர் நன்கறிந்தார். ஆயினும் அவர் எழுத்தில் நகைச்சுவை குன்றவில்லை. பிரதாப முதலியார் சரித்திரத்தைப் படிப்பார், வீட்டையும் மனைவியையும் தாய் தந்தையரையும் இத்துணை விரும்பிய ஒருவர், வீட்டுத் துயரையும் இத்துணை அறிந்திருந்தார் என்பதை உணரின், அந்நூலைப் புதிதாகப் படித்தவராவர். ஒருவருடைய நூலை விளக்குதற்கும் அவருடைய இல்லத்தின் வரலாறு வேண்டப்படுகின்றது. 1889 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 21 ஆம் நாள் அவர் மறைந்தார்.

இவையெல்லாம் நமக்கு எங்ஙனம் தெரியவந்தன? அவர் தாமே எழுத்தாளர். அவரைச் சூழ்ந்திருந்தோர் புலவர். அப்புலவருள் தலைசிறந்தாராகிய மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர் டாக்டர் உ. வே. சாமிநாதையர், தம் ஆசிரியர் வரலாற்றை 1933, 1934 ஆகிய ஆண்டுகளில் இரு பாகமாக வெளியிட்டு, அதன்கண் இந்நட்பினையும் எழுதிவைத்தார். எழுதுகோல் பிடித்தார் பலர் சூழ வாழ்ந்தமையால் வேதநாயகம் பிள்ளை நமக்குக் கிடைத்தார் என்க.

அவ்வையர் அவர்களே இதனினும் பெரியதோர் உதவி செய்தார். தம் தந்தையாரை எழுதினார். அத்தந்தையாராகிய வேங்கடசுப்பையர் நூல் இயற்றியவரல்லர், பதவி வகித்தவரல்லர். கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்று, ஊரூராகச் சென்று இராமாயணக் கதை கூறி, அதனால் வருவது கொண்டு குடும்பம் நடத்திய எளிய இல்லறத்தார். மகனுக்குத் தமிழ்ப் பற்று மிக்கது கண்டு, எவ்வூரில் தமிழ் அறிந்தார் உளரோ அவ்வூருக்குக் குடும்பத்தைப் பெயர்த்துக்கொண்டு சென்றார். அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என அவர் தங்கிய ஊர்களை அடுக்கிப் பார்ப்பின், அவை ஒரு தந்தையின் அன்பு நடந்து சென்ற வழியென விளங்கும். முடிவில் 1871 ஆம் ஆண்டில் மகனை மாயூரத்திற்கு அழைத்துச் சென்று மகாவித்துவானிடம் ஒப்புவித்தார். சங்க நூல்கள் அச்சேறியதற்கு உரிய புகழில் ஒரு பங்கு அவ்வேழைத் தந்தைக்கும் உரியதன்றோ? 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வெளிவந்த என் சரித்திரம் இல்லையாயின், அவர் பெயரை இன்று அறிவார் யார்?

இனி, புலவரை நண்பராகவும் பெறாது, சாமிநாதையரை மகனாகவும் பெறாது மறையும் எண்ணிறந்தார் நிலை யாது? நம் ஊர்களில் ஒருவர் இறந்த மறுநாளே தெருமுனையிலும் தேநீர்க்கடைச் சுவரிலும் கண்ணீர் அஞ்சலித் தாள் ஒட்டப்பெறுகின்றது. வசதியுடையார் பெரிய விளம்பரத் தட்டி நிறுத்துகின்றனர். அவற்றில் இறந்தவர் படமும், பிறந்த நாளும், இறந்த நாளும், உறவினர் பெயர் வரிசையும் உள. யாழ்ப்பாணத்தார் வழக்கம் இதனினும் ஒருபடி சிறந்தது. அங்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையின்போது கல்வெட்டு என்னும் பெயரால் ஒரு சிறு நூல் அச்சிட்டு வழங்குவர். இறந்த திதியைக் குறிக்கும் வெண்பாவும், குல வரலாறும், மனைவி மக்கள் முதலியோர் புலம்புவதாக அமைந்த பாக்களும் அதன்கண் அமையும். ஒரு சிற்றூர்க் குடும்பத்தின் வரலாறு அச்சேறி நிற்பதற்கு இஃதோர் அரிய வாயில் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இவ்விரு வழக்கத்திலும் ஒரு பெருங்குறை உண்டு. அவற்றிற் காணப்படும் புகழுரை எவர்க்கும் பொருந்துவது. எவர்க்கும் பொருந்துவது ஒருவர்க்கும் உரியதாகாது. பண்பின் சிகரம், பாசத்தின் பிறப்பிடம், ஏழை பங்காளர், கொடைவள்ளல் என்னும் தொடர்கள் அச்சகத்தில் ஆயத்தமாக அடுக்கப்பெற்றிருப்பன. பெயரும் படமுமே மாறுவன. இறந்தவரைப் பெரியராக்க எண்ணி, அவரை இல்லாதவராக்கி விடுகின்றோம். புகழ் மிகுந்தது, ஆள் மறைந்தார்.

என் தாயைப் பெற்ற பாட்டனாரையே இதற்குச் சான்றாகக் கூறுவேன். தென்பாண்டி நாட்டில் தேரிமணல் சூழ்ந்த ஒரு சிற்றூரில் அவர் தொடக்கப்பள்ளி ஆசிரியராக முப்பத்தாறு ஆண்டு பணியாற்றினார். அவர் மறைந்த அன்று அவ்வூரார் ஒட்டிய தாள் அவரைக் கல்விக்கடல் என்று கூறிற்று. அவர் கடலல்லர். ஐந்தாம் வகுப்புக்கு மேற்பட்ட கணக்கினை யாரேனும் வினவின், எனக்குத் தெரியாது, உயர்நிலைப்பள்ளி வாத்தியாரைக் கேள் என்று கூசாமற் கூறுவார். அவர் செய்த தொண்டு வேறு. மாலையில் பள்ளி விட்டபின் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, எழுதப் படிக்க அறியாதார்க்குக் கடிதமும் மனுவும் எழுதிக் கொடுப்பார். பம்பாய்க்குப் பிழைக்கச் சென்ற கணவர்க்கு மனைவியர் சொல்லச் சொல்ல எழுதிய கடிதங்களும், பனையிலிருந்து வீழ்ந்து காலொடிந்தார்க்கு உதவி வேண்டி எழுதிய மனுக்களும், 1962 முதல் நம் மாநிலத்தில் நடைபெறும் முதியோர் உதவித்தொகைக்கான விண்ணப்பங்களும் அவர் கையால் எழுந்தன. இவற்றிற்கு அவர் கூலி பெற்றதில்லை. தாளும் தபால்தலையும் கொண்டுவந்தாற் போதும் என்பார். பலர் தாள் மட்டுமே கொண்டுவருவர்.

எழுதிய மனுக்களுக்கெல்லாம் அவர் குறிப்பேடு வைத்திருந்தார். தேதி, யாருக்காக, எந்த அலுவலகத்திற்கு, பதில் யாது என நான்கு பத்திகள். அவற்றுள் ஒன்றில், கைம்பெண் ஒருத்தியின் விண்ணப்பம் மூன்றாண்டில் ஏழுமுறை பதியப்பெற்றிருக்கின்றது. ஆறு இடங்களில், பதில் இல்லை, மறுபடி எழுதியது என்னும் சொற்களே உள. ஏழாவதன் எதிரில், தொகை வந்தது என்று எழுதி, அதன்கீழ்க் கோடு இழுத்திருக்கின்றார். கொடைவள்ளல் என்னும் சொல்லை ஆயிரம் முறை எழுதினும் அவ்வொரு கோட்டிற்கு ஈடாகுமா? அத்தகைய குறிப்பேடுகள் பதின்மூன்று இருந்தன. அவர் மறைந்தபின் வீடு ஒழுங்கு செய்தபோது பதினொன்று பழைய தாள் வாங்குவார் தராசில் ஏறிவிட்டன. எஞ்சிய இரண்டும் அரிசிப் பானை மூடியின்மேல் கிடந்தமையால் தப்பின. அச்சுத்தாள் சுவரில் ஒரு மழைக்காலம் நின்றது. குறிப்பேடு ஐம்பதாண்டு நின்றது. எதனை நாம் காத்தோம், எதனை நிறுத்து விற்றோம் என்பதை எண்ணுக.

முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு ஒரு சிறு வரலாறு அச்சிடலாம் என்று வீட்டார் கருதியபோது, ஒரு வினா எழுந்தது. பாட்டனார் ஒருமுறை அயலார் ஒருவர் வாங்கிய கடனுக்குப் பிணையாகக் கையொப்பம் இட்டார். கடன் பெற்றவர் ஊரைவிட்டுச் சென்றார். கடன் இவர்மேல் விழுந்தது. பாட்டியாரின் பொன்வளையல் நான்கும் விற்கப்பட்டன. என் தாயின் மேற்படிப்பு ஈராண்டு தடைப்பட்டது. இதனை எழுதுவதா, விடுவதா? இறந்தவரைக் குறை கூறுதல் தகாது என்றார் தாய்மாமனார். அவர் கூற்றில் அன்பு இருந்தது. அதனை யான் மறுக்கவில்லை. ஆயினும் அன்று தீர்ப்புக் கூறியவர் பாட்டியாரே. “எழுதட்டும். ஊருக்கு அவுக பிணை. அவுகளுக்கு நான் பிணை. ரெண்டையும் சேர்த்து எழுதட்டும்” என்றார். வரலாறு எழுதும் முறை பற்றி யான் வகுப்பிற் கற்றவையெல்லாம் அவ்வொரு சொல்லுள் அடங்கின.

அச்சொல்லை எண்ணுந்தோறும் இருவேறு உண்மை புலனாகின்றது. ஒன்று, குறை நீக்கிய வரலாறு குணத்தையும் உடன் நீக்கிவிடும் என்பது. பிணை நின்ற கையும் மனு எழுதிய கையும் ஒன்றே. இல்லை என்று கூறமாட்டாத நெஞ்சமே அவரை ஊரார் நேசிக்கச் செய்தது. அதுவே வீட்டாரை வருந்தவும் செய்தது. ஒன்றை மறைப்பின் மற்றொன்று விளங்காது. பழி தூற்றுதல் வேறு. உள்ளது கூறல் வேறு. பகைவன் எழுதினால் பழியாகும் செய்தி, அன்புடையான் எழுதும்போது அறிவாகும். இறந்தவர் மறுமொழி கூற இயலாராதலின் அவரைப்பற்றி மென்மையாகப் பேசுதல் நன்றே. ஆனால் பொய்யாகப் பேசுதல் அவர்க்கு மரியாதையன்று.

மற்றொன்று, ஊரார் போற்றும் குடும்பத் தலைவன் ஒவ்வொருவன் பின்னும் ஊரார் அறியாப் பெண்ணொருத்தி நிற்கின்றாள் என்பது. திண்ணையில் மனு எழுதிய நேரமெல்லாம் அடுப்பங்கரையில் விறகு எரிந்தது. வந்தவர்க்கெல்லாம் அளிக்கப்பட்ட கருப்புக்கட்டித் தேநீர் தானாக வந்ததன்று. விருந்தோம்பினார் எனக் கணவனைப் புகழும் கல்வெட்டு, விருந்து சமைத்தவள் பெயரைத் துணைவியார் என்ற அளவில் நிறுத்திவிடுகின்றது. ஆதலின் இல்லறத்தான் வரலாறு எழுதப்புகுவார், இல்லாளிடமிருந்து தொடங்குதல் வேண்டும். அவள் உயிரோடு இருக்கும்போதே கேட்டல் வேண்டும். கணவனைப் பற்றி அவள் கூறுவதோடு அமையாது, தன்னைப் பற்றி அவள் கூறாது விடுவனவற்றையும் வினவுதல் வேண்டும்.

இத்தகைய வரலாறுகளால் நாட்டிற்குப் பயன் யாது என்று சிலர் வினவலாம். ஊர்கள் சட்டத்தால் மட்டும் நடைபெறுவனவல்ல. சட்டம் ஓய்வூதியம் உண்டு என்று கூறும். அதனை ஏழையின் வீட்டு வாயிலுக்குக் கொண்டு சேர்க்க ஏழுமுறை மனு எழுதும் ஒருவர் வேண்டும். பள்ளிகளில் மதிய உணவு அளிக்கும் திட்டம் 1956 இல் காமராசர் ஆட்சியில் விரிந்தபோது, அரசாங்கப் பொருளோடு ஊரார் அளித்த அரிசியும் பருப்பும் விறகுமே உலையை எரித்தன. அவற்றை வீடுவீடாகச் சென்று திரட்டிய ஆசிரியரும் ஊர்ப் பெரியவரும் யாவர்? திட்டத்தின் பெயர் பாடநூலில் உள்ளது. திரட்டியவர் பெயர் ஒன்றும் இல்லை. இவர்களைப் பற்றிய வரலாறு இல்லையாயின், நாட்டு வரலாறு கட்டளையிட்டார் வரலாறாக மட்டுமே நிற்கும்; நிறைவேற்றினார் வரலாறாக ஆகாது. அன்றியும், பெரியார் வரலாற்றைப் படிக்கும் இளைஞன் வியப்படைகின்றான். நம்மால் ஆகாது என்று நூலை மூடிவிடுகின்றான். தன் தெருவில் வாழ்ந்தவர் வரலாற்றைப் படிப்பவனோ அங்ஙனம் தப்பிச் செல்லல் இயலாது.

எங்ஙனம் எழுதுவது எனின், புலிமான்கோம்பைக் கல் வழிகாட்டும். பெயரும் ஊரும் செயலும் முதலில் வருக. அடைமொழி ஒன்று எழுதக் கை எழும்போது, அதற்குச் சான்றாகும் நிகழ்ச்சியை எழுதி அடைமொழியை விடுக. ஆண்டு தெரிந்தால் ஆண்டு; தெரியாவிடின் எந்தப் பஞ்சத்தில், எந்தப் புயலில், எந்தப் பிள்ளை பிறந்த ஆண்டில் என வினவி எழுதுக. 1964 ஆம் ஆண்டு டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் நம் கடற்கரை ஊர்களில் இன்றும் பலர்க்கு ஆண்டுக் கணக்கின் எல்லைக்கல்லாக நிற்கின்றது. அவர் பயன்படுத்திய பொருள்களின் பெயரை அவர் வழங்கிய சொல்லாலேயே குறிக்க. அச்சொற்களும் அவரோடு மறைவன. கடன்பத்திரமும் கணக்கேடும் கடிதக் கட்டும் வேதாகமத்தின் முன்பக்கத்தில் எழுதிய பிறப்பு நாட்களும் இலக்கியமல்ல என்று தள்ளற்க. யோப்பா பட்டணத்தில் தொற்காள் இறந்தபோது, அவளாற் பயன்பெற்ற கைம்பெண்கள் பேதுருவிடம் அவளைப் புகழ்ந்துரைத்து நின்றனர் என்று அப்போஸ்தலர் வரலாறு கூறவில்லை. அவள் தைத்துக் கொடுத்த ஆடைகளைக் காட்டி அழுதனர் என்றே கூறுகின்றது. காட்டத்தக்கதைக் காட்டுவதே நினைவு.

காலம் நமக்காகக் காத்திராது. பாட்டனைப் பேரன் அறிவான்; பேரனின் மகன் படத்தை மட்டும் அறிவான்; அவன் மகன் படத்திலிருப்பவர் யார் என்று வினவுவான். மறுமொழி கூறத்தக்கார் இருக்கும் காலம் ஐம்பது அறுபது ஆண்டே. தமிழ் பயிலும் நாம் பத்துப்பாட்டிற்கும் எட்டுத்தொகைக்கும் உரை காண்கின்றோம். பாட வேறுபாடு ஆராய்கின்றோம். ஓலைச்சுவடி செல்லரித்துப் போயிற்றே என்று கண்ணீர் விடுகின்றோம். நம் வீட்டுப் பரணில் செல்லரிக்கும் குறிப்பேட்டிற்கு அக்கண்ணீரில் ஒரு துளியேனும் உரியதன்றோ?

ஆதலின் நண்பர்காள், வரும் கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நீவிர் ஒவ்வொருவரும், ஊரார் நேசித்த இல்லறத்தார் ஒருவரைத் தேர்ந்துகொள்க. அவர் நும் உறவினராயினும் ஆகுக. பட்டறைக் கொல்லராயினும், தபால் கொண்டுவந்தவராயினும், கோயிற்பிள்ளையாயினும் ஆகுக. அவரை அறிந்த ஐவரைக் கண்டு வினவுக. அவ்வைவருள் இருவரேனும் பெண்டிராக இருத்தல் நன்று. கேட்டதைப் பத்துப் பக்கத்தில் எழுதி, ஒரு படி வீட்டாரிடமும் ஒரு படி கல்லூரி நூல்நிலையத்திலும் வைக்க. நூறு மாணாக்கர் எழுதின் நூறு ஊர்களின் வரலாறு நம் கையில் இருக்கும். அவற்றுள் நூலாக அச்சேறுவன ஒன்றோ இரண்டோ ஆகலாம். எஞ்சியவை அலமாரியிலேயே இருப்பினும் இருக்க. பின்னொரு நாள், தன் முன்னோன் எங்ஙனம் வாழ்ந்தான் என்று அறிய விரும்பி வரும் ஒருவனுக்கு, பண்பின் சிகரம் என்னும் வெற்றுரைக்கு மாறாக, ஒரு பெயரும், ஓர் ஊரும், ஏழாம் முறை எழுதிய மனுவும் கிடைக்கும்.